தூண்டிலும் பொய்ப்புழுவும்

மீன் பிடிக்கும் வழிகள் பலவற்றுள் மீனின் இசைவை வேண்டி நிற்பது தூண்டில் ஒன்றே. வலை மீனைக் கேளாமலே வாரிக்கொள்ளும். பறி, புகுந்த மீனை வெளியே விடாது அடைத்துக்கொள்ளும். தூண்டிலோ, மீன் தானே வாய் திறந்து கவ்வினாலன்றிப் பயன்படாது. ஆதலின் தூண்டிற்காரன் மீனின் பசியையும் அச்சத்தையும் அறிந்தவனாக இருத்தல் வேண்டும். அவ்வகையில் தூண்டில் என்பது ஒரு தொழிற்கருவி மட்டுமன்று. உயிரினத்தின் இயல்பை ஆராயும் ஒரு கல்வியும் ஆகும்.

இக்கல்வியில் கடந்த முக்கால் நூற்றாண்டுக் காலத்தில் ஒரு பெரிய மாறுதல் நேர்ந்துள்ளது. உயிருள்ள மண்புழுவுக்கு மாற்றாக மென்மையான பிளாஸ்டிக்கினால் ஆகிய பொய்ப்புழு வந்தது. அப்புழுவைச் சிறிய ஈயத்தலை கொண்ட முள்ளிற் கோத்து, மெல்லிய நாணில் கட்டி, மெதுவாக இழுத்து மீனை அழைக்கும் முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள காப்பாரிலும், அதன் சுற்றுப்புறத்து நீர்நிலைகளிலும் இம்முறைக்கு ஏற்ற மீன்கள் உள்ளன. நம் பிள்ளைகளுள் தூண்டிலில் நாட்டமுள்ளோர் இதன் உறுப்புகளை ஆங்கிலப் பெயரால் நன்கறிவர்; தமிழ்ப் பெயரால் அறியார். இப்பொய்ப்புழு எங்கே பிறந்தது, எவ்வாறு வேலை செய்கிறது, அதனால் வரும் தீங்கு யாது, அதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பனவற்றை இங்கே காண்போம்.

பழந்தமிழர் கண்ட மீன்

தூண்டில் தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தூண்டிலைப் பற்றிக் கூறும் பகுதி தமிழாசிரியர்கள் நன்கறிந்ததே. நீண்ட மூங்கிற்கழை, அதிற் கட்டிய நாண், வளைந்த வாயையுடைய இரும்பு, அதனை மூடிப் பொதிந்த இரை ஆகிய நான்கு உறுப்புகளும் அங்கே முறையாக வந்துவிடுகின்றன. இன்றைய கடையில் விற்கும் விலையுயர்ந்த தூண்டிலிலும் அடிப்படை உறுப்புகள் இவையே. வள்ளுவரும் சூதாட்டத்தின் தீமையை விளக்கத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனையே உவமையாக்கினார். அவர் வழங்கிய ‘தூண்டிற்பொன்’ என்னும் தொடரில் பொன் என்பது இரும்பைக் குறிக்கும் என உரையாசிரியர் கூறுவர்.

பெரும்பாணாற்றுப்படைக் காட்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி வேறொன்று உண்டு. இரையைப் பறித்துக்கொண்டு முள்ளினின்று தப்பிய வாளைமீன், பின்னர் நீரருகே நிற்கும் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் வெருவுகிறது என்கிறார் புலவர். ஒருமுறை முள்ளை உணர்ந்த மீன் தூண்டிற்கோல் போன்ற எதனைக் கண்டாலும் ஐயுறும் என்பது இதன் கருத்து. நாம் ஆராயவிருக்கும் நுட்பத் தூண்டில் முறை முழுவதும் இவ்வொரு கருத்தின் மேல் எழுந்ததே. பலரும் வந்து தூண்டில் வீசும் குளத்தில் மீன்கள் எச்சரிக்கை உடையனவாகிவிடுகின்றன. பளபளக்கும் தகட்டு இரையும், ஓசையிடும் மரமீனும் அவற்றை அஞ்சி ஓடச் செய்கின்றன. அவ்விடத்தில் சிறிய உருவும், மெல்லிய நாணும், அடங்கிய அசைவும் உடைய இரையே வெல்லும்.

‘பாஸ்’ என்னும் பெயர்

பொய்ப்புழுத் தூண்டில் முதலில் அமெரிக்காவின் ‘பாஸ்’ மீனுக்காகத் தோன்றியது. இப்பெயர் மயக்கம் தருவது. ஒரே மீனைக் குறிப்பதன்று. அமெரிக்க நன்னீர்ப் பெருவாய்ப் பாஸ் ஒரு குடும்பம். நம் கழிமுகங்களில் வாழும் கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் ‘ஆசியக் கடற்பாஸ்’ என்பர். அது வேறு குடும்பம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ‘மயில் பாஸ்’ இவ்விரண்டிலும் சேராது. அது திலாப்பியாவின் உறவு. வாலின் அடியில் மயிற்பீலிக் கண் போன்ற புள்ளி இருத்தலின் அப்பெயர் பெற்றது. மூன்றும் ஒளிந்திருந்து இரையைப் பாய்ந்து கவ்வும் இயல்பால் ஒன்றுபடுகின்றன, பிறப்பால் ஒன்றுபடவில்லை.

பெருவாய்ப் பாஸின் புகழ் பெரிது. 1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்பவர் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்சு எடையுள்ள மீன் நெடுங்காலம் உலகச் சாதனையாக நின்றது. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரீத்தா என்பவர் பிடித்த மீன் அதற்கு ஒரு அவுன்சு மிகுதியாக இருந்தது. அவ்வளவு சிறிய வேறுபாடு புதிய சாதனைக்குப் போதாது என்பது விதியாதலின் இருவர் சாதனையும் சமமாகவே கொள்ளப்பட்டது. ஆனால் அதே ஜப்பானில் இம்மீன் வேற்றுநாட்டிலிருந்து 1925இல் கொண்டுவரப்பட்டுப் பரவி, உள்நாட்டுச் சிறுமீன்களை விழுங்கியதால், 2005 முதல் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டுள்ளது. புகழுக்கும் பழிக்கும் ஒரே மீன் உரியதாயிற்று.

காப்பார்ப் பகுதியில் அமெரிக்கப் பாஸ் இல்லை. இங்கே உள்ளவை வேறு. செம்பனைத் தோட்டங்களின் வடிகால்களில் விராலும், கெளுத்தியும், பனையேறிக் கெண்டையும் வாழ்கின்றன. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வேலை முடிந்த மாலையில் மூங்கிற்கழியும் மண்புழுவும் கொண்டு பிடித்தவை இவையே. மலாய்க்காரர் விராலை ஹாருவான் என்பர். அதன் பெரிய உறவாகிய தோமான் ஏரிகளிலும், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் காணப்படுகிறது. காப்பார்க் கரையோரத்துக் கண்டற்காடுகளின் ஊடே செல்லும் கழிகளில் சியாக்காப் எனப்படும் கொடுவா உலவுகிறது. இக்கட்டுரையில் ‘நம் பாஸ்’ என்று சொல்லத்தக்கது இக்கொடுவாவே.

கித்தாவும் பொய்ப்புழுவும்

பொய்ப்புழுவின் வரலாறு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் தொடங்குகிறது. அக்ரன் என்னும் பெயரைத் தோட்டப்புற மக்கள் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் உழைப்பு அந்நகரைச் சென்றடைந்தது. குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் ஆகிய பெருந்தொழிற்சாலைகள் இருந்தமையால் அக்ரன் ‘உலகின் ரப்பர்த் தலைநகர்’ எனப்பட்டது. மோட்டார் வண்டிகள் பெருகிய 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவின் ரப்பரை மிகுதியாக வாங்கிய நாடு அமெரிக்கா. கித்தா மரத்திற் பால் வெட்டிய தமிழன் கைபட்ட பொருள் அக்ரனில் வண்டிச் சக்கரமாயிற்று.

அந்த ரப்பர் நகரிலேதான் ரப்பருக்கு ஒரு போட்டிப் பொருளும் உருவாயிற்று. 1926இல் குட்ரிச் நிறுவனத்தின் வேதியியலார் வால்டோ செமன், ரப்பரை இரும்போடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடி ஆராய்ந்துகொண்டிருந்தார். பாலிவினைல் குளோரைடு என்னும் கடினமான, பயனற்றதாகக் கருதப்பட்ட பொருளை, உயர்ந்த கொதிநிலையுள்ள ஒரு நீர்மத்திலிட்டுச் சூடேற்றினார். அவர் தேடிய பசை கிட்டவில்லை. மாறாக, வளைந்து நிமிரும் களி போன்ற ஒரு பொருள் கிட்டியது. இன்று மழையங்கி, மின்கம்பி உறை, குழாய் எனப் பலவாறு நாம் காணும் மென்பிளாஸ்டிக் இவ்வாறு பிறந்தது.

1949இல் அதே அக்ரனில் நிக் கிரீம் என்னும் இயந்திரத் தொழிலாளர் ஒருவர் இப்பொருளைக் கொண்டு புழு செய்ய முயன்றார். ரப்பரினால் செய்த புழுக்கள் அதற்கு முன்னரும் இருந்தன. ஆனால் அவை விறைப்பாக இருந்தன. நீரில் உயிருள்ளவை போல் நெளியவில்லை. கிரீம் உயிருள்ள மண்புழுவைக் கொண்டே அச்சு எடுத்தார். வீட்டு அடுப்பில் வினைல் கலவையைக் காய்ச்சி அவ்வச்சில் ஊற்றினார். பின்பு அஞ்சல் வழியாக ஒரு டாலருக்கு ஐந்து புழுக்கள் என விற்றார். தேவை பெருகவே, பாஸ் மீன்கள் நிறைந்த டெக்சஸ் மாநிலத்து டைலர் நகருக்குத் தொழிலை மாற்றினார். ஒரு சமையலறையில் எழுந்த கைத்தொழில் பேரளவுத் தொழிலான கதை இது.

செய்முறை எளியது. பாலிவினைல் குளோரைடுத் தூளை நெகிழ்வு தரும் எண்ணெய் போன்ற நீர்மத்திற் கலந்தால் பால் போன்ற குழம்பு உண்டாகும். அதனைச் சற்றேறக்குறைய 170 பாகை செல்சியசுக்குச் சூடேற்றினால் தெளிந்த கூழாகிறது. நிறப்பொடி, மணப்பொருள், மினுக்கு ஆகியவற்றைச் சேர்த்து அச்சில் ஊற்றி ஆறவிட்டால் புழு ஆயிற்று. நீர்மத்தின் அளவு கூடினால் புழு மென்மையாகும், குறைந்தால் விறைக்கும். உப்பைக் கலப்பதுமுண்டு, அது புழுவுக்கு எடை தரும். சூடு மிகுந்து கலவை கருகினால் நச்சுப் புகை எழுமாதலின் இதனை வீட்டில் பிள்ளைகள் செய்து பார்த்தல் கூடாது.

அண்மைக் காலத்தில் வேறொரு மென்பொருளாலும் புழுக்கள் செய்யப்படுகின்றன. ரப்பர் போல நன்றாக நீளும்; எளிதில் அறாது; நீரில் மிதக்கும். இவ்விரு வகையையும் ஒரே பெட்டியில் ஒன்றாக இட்டுவைத்தால் ஒன்றோடொன்று கலந்து உருகிப் பாழாகும் என்பதைத் தூண்டிற்காரர் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஈயத்தலை முள்

புழுவை மட்டும் முள்ளிற் குத்தி எறிந்தால் அது தொலைவு செல்லாது. நீரில் இறங்கவும் நேரமாகும். எனவே முள்ளின் காதருகே ஈயத்தை உருக்கி வார்த்துத் தலையாக்கினர். ஈயத்தலை முள் என்று இதனைச் சொல்லலாம். இதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. முள்ளின் தண்டு தலைக்குள் வளைந்து, நாண் கட்டும் காது தலையின் மேற்புறத்தே தோன்றுகிறது. எடை கீழேயும் காது மேலேயும் அமைவதால், நீரின் அடியில் இழுக்கும்போது முள்ளின் கூர் எப்போதும் வானோக்கி நிற்கும். கல்லிலும் மண்ணிலும் சிக்குவது குறையும். மீனின் மேல்வாயிற் பதிவது மிகும்.

நுட்பத் தூண்டிலுக்குரிய தலை மிகச் சிறியது. ஓர் அவுன்சில் 16இல் ஒரு பங்கு, அஃதாவது ஏறத்தாழ 1.8 கிராம் எடையே பெரிதும் வழங்குகிறது. இதிற் பாதி எடையும் உண்டு. இரு மடங்கும் உண்டு. தலையின் வடிவம் உருண்டையாக இருக்கலாம். காளான் குடை போலப் பின்புறம் தட்டையாகவும் இருக்கலாம். காளான் தலையில் புழுவின் முகம் இடைவெளியின்றிப் பொருந்துவதால் தலையும் உடலும் ஒரே உயிர் போலத் தோன்றும்.

இக்காளான் தலையில் இரண்டரை அல்லது மூன்று அங்குல நீளமுள்ள குட்டைப் புழுவைக் கோக்கும் முறையை உலகறியச் செய்தவர் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த நெட் கேடி என்னும் எழுத்தாளர். இவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியாற்றியவர். அவர் பெயராலேயே அம்முறையை ‘நெட் ரிக்’ என்கின்றனர். மிதக்கும் பொருளாலான புழுவை இத்தலையில் கோத்தால், தலை நிலத்திற் படிய, வால் மேலெழுந்து நிற்கும். இரை தேடும் சிறுமீன் தலைகீழாக நிற்பதும், நன்னீர் நண்டு பகைவனைக் கண்டு கொடுக்கை உயர்த்துவதும் இத்தோற்றமே.

புழுவைக் கோப்பதில் கவனம் வேண்டும். முள் புழுவின் நடுக்கோட்டிற் செல்ல வேண்டும். சற்றுக் கோணினாலும் புழு நீரிற் சுழலும், நாண் முறுக்கேறும், மீன் ஐயுறும். முன்னரே முள்ளைப் புழுவின் பக்கத்தே வைத்து, கூர் எங்கே வெளிவர வேண்டும் என்று குறித்துக்கொண்டு கோப்பது நல்லது.

மீன் ஏன் ஏமாறுகிறது?

மீன் இரையை அறியக் கண் ஒன்றையே நம்பியிருப்பதில்லை. அதன் உடலின் இரு பக்கங்களிலும் செவுளிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோடு என்னும் புலனுறுப்பு உண்டு. நீரின் மிக மெல்லிய அசைவையும் அதிலுள்ள நுண்மயிர் அணுக்கள் உணரும். கலங்கிய நீரிலும் இரவிலும் மீன் இரையைக் கண்டுபிடிப்பது இதன் துணையாலேயே. மென்புழுவின் வால் நடுங்கும்போது எழும் சிற்றலை இவ்வுறுப்புக்கு எட்டுகிறது.

அடுத்தது இறங்கும் வேகம். எடை குறைந்த தலை நீரில் மெதுவாக இறங்குகிறது. காயமுற்றோ களைத்தோ வீழும் சிற்றுயிரும் அவ்வாறே இறங்கும். துரத்தாமலே கிட்டும் உணவை விட மீனுக்கு மனம் வாராது. மீன் கவ்வுவது பெரும்பாலும் இரை இறங்கும் நேரத்திலேயே என்பதைத் தூண்டிற்காரர் அனைவரும் அறிவர்.

மூன்றாவது மென்மை. பாஸும் கொடுவாவும் இரையைக் கடித்து உண்பவை அல்ல. வாயைத் திடீரெனத் திறந்து, நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சிய பொருள் கடினமாக இருந்தால் நொடிப்பொழுதில் துப்பிவிடும். மரத்தாலும் உலோகத்தாலும் ஆகிய இரைக்கு நேர்வது இதுவே. மென்புழுவோ வாயிற் பட்டவுடன் உயிருள்ள தசை போல் நெகிழ்கிறது. மீன் துப்பச் சற்றுத் தாமதிக்கிறது. தூண்டிற்காரன் நாணை இறுக்குவதற்குக் கிடைக்கும் காலம் அத்தாமதமே. தலை சிறிதாக இருக்க வேண்டும் என்பதன் மற்றொரு காரணமும் இதனால் விளங்கும்: எடை குறைந்த பொருளை உறிஞ்சுவது மீனுக்கு எளிது.

நாணும் இதற்கு ஏற்றதாதல் வேண்டும். தமிழகக் கடற்கரையில் தங்கூஸ் என்றும் மலாயில் தங்சி என்றும் வழங்கும் நைலான் நாணுக்குப் பதிலாக, இப்போது நூலாகப் பின்னிய பாலிஎதிலீன் நாணைப் பலரும் விரும்புகின்றனர். அது மிக மெல்லியது, நீளாதது, மீனின் சிறு தொடுகையையும் கைக்கு உணர்த்துவது. ஆனால் நீரிற் கண்ணுக்குத் தெரியும். ஆதலின் அதன் முனையில் இரண்டு முழ நீளத்துக்கு ஃபுளூரோகார்பன் நாணை இணைக்கின்றனர். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளூரோகார்பனின் எண் 1.42, நைலானுக்கு இதனினும் மிகுதி. இரு பொருள்களின் எண்கள் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவுக்கு ஒன்றினுள் மற்றொன்று கண்ணுக்குப் புலனாகாது. வகுப்பறையில் கண்ணாடிக் கோலை எண்ணெயிலிட்டு மறைத்துக் காட்டும் பாடமே இங்கும் பயன்படுகிறது.

கண்டற் கழியில்

காப்பார்க் கரையில் இம்முறையைக் கையாள விரும்புவோர் முதலில் அறிய வேண்டுவது ஓதத்தை. கிள்ளான் துறைமுகப் பகுதியில் வெள்ளுவா, காருவா நாள்களை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 4 மீட்டர் அளவுக்கு வேறுபடும். ஏற்றத்தில் இறாலும் சிறுமீனும் கண்டல் வேர்களுக்கிடையே புகுந்துகொள்கின்றன. நீர் வற்றத் தொடங்கியதும் அவை வேறு வழியின்றிச் சிறு ஓடைகள் வழியே கழிக்கு இறங்கி வரவேண்டும். கொடுவா அவ்வோடை வாயில் முகத்தை வைத்துக் காத்திருக்கும். பொய்ப்புழு சென்று விழவேண்டிய இடமும் அதுவே.

வீசியபின் சுருட்ட விரைதல் கூடாது. நாணைத் தளர்த்தி இரையை இறங்க விடவேண்டும். நாணையே நோக்கியிருக்க வேண்டும். அது திடீரெனத் துள்ளினாலும், பக்கவாட்டில் நகர்ந்தாலும், எதிர்பார்த்ததற்கு முன்பே தளர்ந்து நின்றாலும் மீன் கவ்வியது என்பது பொருள். அடியைத் தொட்டபின் கோலின் நுனியை மெல்ல நடுக்கி, ஒரு சாண் இழுத்து, மீண்டும் நிறுத்த வேண்டும். இம்முறையில் இரையை அசைப்பதிலும் நிறுத்துவதே பெரிய திறன். பொறுமையில்லாதவர்க்கு இது வாய்க்காது.

நீரோட்டம் வலுத்திருக்கும்போது 1.8 கிராம் தலை அடியை எட்டாமலே அடித்துச் செல்லப்படும். அப்போது 5 கிராம், 7 கிராம் தலைகளைக் கொள்ளவேண்டும். நீர் நின்று திரும்பும் சிறுபொழுதிலேயே மிகச் சிறிய தலை பயன்படும். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போற் கூரியது. மெல்லிய நாணை அறுத்துவிடும். ஆதலின் முனை நாண் மட்டும் 20 பவுண்டுக்குக் குறையாத வலிமை உடையதாதல் நன்று.

எல்லா நீருக்கும் இம்முறை ஏற்றதன்று. புல்லும் தாமரையும் அடர்ந்த வடிகாலில் விராலைத் தேடுவோர் ஈயத்தலை முள்ளை வீசினால், வெளியே நீட்டிய கூர் ஒவ்வோர் இழுப்பிலும் களையை வாரும். அங்கே முள்ளின் கூரைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துக் கோக்கும் முறையோ, நீர்மேல் தாவும் ரப்பர்த் தவளையோ பொருந்தும். தோமானின் பற்கள் கூரியவை; இரண்டு கடியில் புழு துண்டாகும். கருவி எதுவாயினும் இடமறிந்து எடுப்பதே அறிவு.

காரீயமும் வெள்ளீயமும்

இனி, இக்கலையின் தீங்குகளையும் மறைக்காமற் பேசுதல் கடமை. ஈயம் என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு உலோகங்களை. சிலாங்கூரிலும் பேராக்கிலும் நிலத்தைத் தோண்டி எடுத்தது வெள்ளீயம். தூண்டில் தலைக்கு உருக்குவது காரீயம். வெள்ளீயத்தைப் பூசிய தகரக் குவளையில் உணவை அடைக்கிறோம். காரீயமோ நஞ்சு, மூளையையும் நரம்பையும் கெடுப்பது, வளரும் குழந்தைகளுக்கு மிகவும் கேடு செய்வது. ஈயக்குண்டைப் பல்லாற் கடித்து நாணில் இறுக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அதனை அறவே விடவேண்டும்.

அறுந்து நீரடியிற் கிடக்கும் சிறு ஈயத்தைக் கூழாங்கல் என எண்ணிப் பறவைகள் விழுங்குகின்றன. அரைவைப் பையில் அது தேய்ந்து இரத்தத்திற் கலந்து அவற்றைக் கொல்கிறது. இங்கிலாந்தில் அன்னப் பறவைகள் இவ்வாறு மடிந்தமையால், 1987 முதல் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈயக்குண்டுகளின் விற்பனை தடுக்கப்பட்டது. டென்மார்க் போன்ற நாடுகளும் பின்னர்த் தடை செய்தன. காப்பார்க் கடற்கரை இச்செய்தியைப் புறக்கணிக்க இயலாது. அங்குள்ள மின்நிலையத்தின் சாம்பற் குளங்களும் அடுத்துள்ள சேற்றுவெளியும், வடக்கே சைபீரியாவிலிருந்து தெற்கே ஆஸ்திரேலியா வரை வலசை செல்லும் கரைப்பறவைகள் தங்கி இளைப்பாறும் இடங்களாக அறிஞரால் குறிக்கப்பட்டவை.

இதற்கு மாற்று நம் நாட்டு மண்ணிலேயே உண்டு. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும். காரீயம் உருக 327 பாகை வேண்டும். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தின் அடர்த்தி 11.3. எனவே ஒரே அச்சில் வார்த்தால் வெள்ளீயத் தலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்திருக்கும். கடலில் ஆழத்துக்கு எறிவோர்க்கு இது குறையாகலாம். மெதுவாக இறங்குதலையே விரும்பும் நுட்பத் தூண்டிலுக்கோ இது குறையன்று, நிறைவே. எடை மிகுதியாக வேண்டும் இடத்தில் 19.3 அடர்த்தியுள்ள டங்ஸ்டன் உண்டு, விலைதான் கூடுதல். ஒருகாலத்தில் உலகுக்கே வெள்ளீயம் வழங்கிய நாட்டில், 1985இல் விலை வீழ்ந்து சுரங்கங்கள் மூடப்பட்டபின் குட்டைகளே எஞ்சின. அக்குட்டைகளில் நாம் காரீயத்தைக் கொண்டுபோய்ப் போடுவது பொருந்துமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காக்க வேண்டியவை

கிழிந்த புழுவை நீரில் எறிவது மற்றொரு பிழை. அது மக்காது; ஊறிப் பருக்கும். அமெரிக்காவில் ஓடை மீன்களைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இத்தகைய புழுக்களைத் தாமே விழுங்கிய மீன்கள் எடை குறைந்தன. பழைய புழுவைப் பையிலிட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது பெரிய பாரமன்று.

மயில் பாஸ் போன்ற அயல்மீன்களை ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்கு மாற்றுவது அதனினும் பெரிய பிழை. பனாமாவின் காத்துன் ஏரியில் 1960களில் தப்பிப் பரவிய மயில் பாஸ் சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த சிறுமீன் இனங்கள் பலவற்றை ஏறத்தாழ ஒழித்துவிட்டதை ஆய்வாளர் 1973இல் எழுதினர். அதே மீன் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய சுரங்கக் குட்டைகளிலும் வாழ்கிறது. பிடிப்பதில் தவறில்லை, பரப்புவதே தவறு. உயிர்மீன்களை அயல்நாட்டிலிருந்து கொண்டுவர உரிமம் வேண்டும் என மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் கூறுவதும் இக்காரணம் பற்றியே.

நம் மீன்களுக்கும் அறம் உண்டு. விராலும் தோமானும் தம் குஞ்சுகளைக் கூட்டமாகக் காத்துத் திரியும். குஞ்சுக் கூட்டம் நீர்மேல் கொப்பளிக்கும் இடத்தில் இரையை வீசினால் தாய் அல்லது தந்தை சினந்து பாயும், எளிதிற் பிடிபடும். பின்னர்க் காப்பாரற்ற குஞ்சுகள் பிறமீனுக்கு இரையாகும். கொடுவாவின் இயல்போ வியப்பானது. அது ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப்பின் பெண்ணாக மாறுவது. ஆகவே மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் பெண்ணே. நடுத்தர மீனை உணவுக்குக் கொண்டு, மிகப் பெரியதை நீருக்கே விடுதல் நாளைய மீனுக்கு வித்திடுவதாகும்.

பிள்ளைகளுக்கு மேலும் இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். இக்காலத் தூண்டிற்கோல் கரியிழையால் ஆகியது, மின்சாரத்தைக் கடத்துவது. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. மேகம் இருண்டதும் கோலைத் தாழ்த்தி வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் செல்லவேண்டும். மின்கம்பியின் கீழும் வீசலாகாது. கைவிடப்பட்ட சுரங்கக் குட்டையின் கரை திடீரெனச் சரிந்து ஆழமாவது. நீந்தத் தெரிந்தவர்க்கும் ஆபத்தானது. தனியே செல்லலாகாது.

தமிழிற் சொல்வோம்

இக்கலைக்குரிய சொற்கள் தமிழில் இல்லை என்று கருதுவது பிழை. அடிப்படைச் சொற்கள் முன்னோர் தந்தவையே. தூண்டிற்கோல், நாண், முள், இரை, தக்கை என்பவை இன்றும் உயிரோடிருக்கின்றன. புதியவற்றுக்கு அவற்றையே விரித்துக்கொள்ளலாம். கோலிற் பொருத்திச் சுற்றுவது நாணுருளை. முனையில் இணைப்பது முனைநாண். உயிரற்ற இரை அனைத்தும் பொய்யிரை. அதனுள் புழு வடிவினது பொய்ப்புழு. ஈயத்தலை முள்ளை வெள்ளீயத்தால் வார்த்தாலும் அப்பெயர் பிழையாகாது. இரண்டும் ஈயமே அல்லவா? மலாயும் ஆங்கிலமும் தந்த சொற்களை ஆற்றங்கரையில் பேசுவதைத் தடுக்க வேண்டுவதில்லை. பிள்ளைகள் அவற்றோடு தமிழ்ச் சொல்லையும் அறிந்திருந்தால் போதும்.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. மனப்பாடத்தில் நாட்டமில்லாத மாணவன் தூண்டிலைப் பற்றிக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவான். அவனுக்குத் தூண்டிற்பொன் என்னும் சொல் குறளுக்கு வாயிலாகும். நிழலைக் கண்டு வெருவிய வாளைமீன் பத்துப்பாட்டுக்கு வழியாகும். ஓதம் நிலவியலையும், முனைநாண் ஒளியியலையும், கித்தா தம் முன்னோர் வரலாற்றையும் கற்பிக்கும். அவன் தானாக நாடி வந்த பொருளின் வாயிலாக அவனுக்குத் தெரியாததைக் காட்டுவதே ஆசிரியர் தொழில். காப்பார்ப் பகுதிப் பிள்ளைகளுக்கு அத்தகைய பொருள் பள்ளிக்கு அருகிலுள்ள வடிகாலிலேயே கிடைக்கிறது.